எரிந்த காட்டுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கலிபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். யோசெமிட்டி வரை காரில் உட்கார அவர்களால் முடியாது, ஆனால் வானுயர நிற்கும் ரெட்வுட் மரங்களைக் காட்டாமல் அனுப்ப மனமில்லை. பக்கத்தில் இருப்பது பிக் பேசின் ஸ்டேட் பார்க், அதாவது மாநிலப் பூங்கா. அது எரிந்துபோய்விட்டது என்கிறார்கள், இன்னும் போகலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. இதுதானே கேள்வி?

போகலாம். எரிந்ததனாலேயே போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். வழியில் ஃபெல்டன் ஊரில் ஹென்றி கோவெல் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க் இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் பிக் பேசின் போங்கள். முதலில் எரியாத காடு, பிறகு எரிந்த காடு. நான் முதல் தடவை நேராக எரிந்த காட்டுக்கே கூட்டிப் போய்விட்டேன். அப்பா காரிலிருந்து இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தே?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பச்சைக் காடு எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குக் கரிக்கட்டை வெறும் கரிக்கட்டைதான்.

ஹென்றி கோவெலில் நீங்கள் நடக்க வேண்டியது பழைய ரெட்வுட் தோப்பைச் சுற்றி வரும் ஒரே ஒரு பாதை. முக்கால் மைலுக்குச் சற்றுக் கூடுதல், ஏற்ற இறக்கமே இல்லை, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல பாதை நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கிருக்கும் மிக உயரமான மரம் ஏறத்தாழ 277 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மிச்சத்தை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். பாதையில் ஃப்ரிமான்ட் மரம் என்று ஒன்று உண்டு, அடியில் குடைந்த பொந்தோடு நிற்கும். குனிந்து உள்ளே போனால் பலர் ஒன்றாக நிற்க இடம் இருக்கும், ஆனால் கும்மிருட்டு. அப்பா வெளியிலேயே நின்றுகொள்ளட்டும், குனிவது முழங்காலுக்கு ஆகாது.

அம்மாவுக்கு மரத்தைவிடத் தரைதான் பிடிக்கும், பாருங்கள். மரத்தடி முழுக்கப் பாய் விரித்ததுபோல மூன்று மூன்று இலையாக ஒரு செடி படர்ந்திருக்கும். என் அம்மா பார்த்த உடனே, "அட, புளியாரை!" என்றார். பாதி சரி. நம் ஊர்ப் புளியாரைக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி, அதே பேரினம், இலை மட்டும் நல்ல பெரிது. நேர் வெயில் பட்டால் இலையைக் குடைபோல மடக்கிக்கொள்ளும், நிழல் வந்ததும் விரிக்கும். பூங்காவில் எதையும் பறிக்கக்கூடாது என்பதால் துவையல் ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டியதாயிற்று. ஓரமாக நிற்கும் பே லாரல் மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் இலையை எடுத்துக் கசக்கி முகரச் சொல்லுங்கள். பிரிஞ்சி இலையின் வாசனையைப் பத்து மடங்காக்கினால் எப்படியோ அப்படி இருக்கும். ரொம்ப நேரம் முகர்ந்தால் தலைவலி வரும், அதனால் ஒரு மூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரமான நாளாக இருந்தால் மஞ்சள் வாழைப்பழம்போல ஒன்று பாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடில்லாத நத்தை அது. சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் சின்னமே அதுதான். மிதித்துவிடாமல் பார்த்து நடங்கள்.

"இதுதான் செம்மரமா?" என்று அப்பா கேட்பார். எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். திருப்பதி மலைப்பக்கம் கடத்துகிறார்களே, அந்தச் செம்மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது ஊசியிலை வகை. சிவப்பு என்பது பட்டையின், மரக்கட்டையின் நிறத்தை வைத்துச் சொன்னது, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய மரத்தின் காய் எவ்வளவு இருக்கும் என்று கேட்டு அவரையே கீழே தேடச் சொல்லுங்கள். நெல்லிக்காய் அளவுகூட இருக்காது.

இந்தத் தோப்புக்கு ஒரு கதை உண்டு, பிக் பேசினுக்குப் போகும் வழியில் காரில் சொல்லத் தோதானது. 1899இல் சான்டா குரூஸ் மலையில் ஒரு காட்டுத்தீ. தண்ணீர் போதாமல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பீப்பாயில் இருந்த ஒயினை ஊற்றியே தீயை அணைத்தார்களாம். இந்த அதிசயத்தைப் பற்றி ஓர் இங்கிலாந்துப் பத்திரிகை கட்டுரை போட விரும்பி, சான் ஹோசேவில் இருந்த ஆண்ட்ரூ பி. ஹில் என்ற ஓவியரும் புகைப்படக்காரருமான ஒருவரிடம் படம் கேட்டது. அவர் அப்படியே பெரிய மரங்களையும் எடுத்துவிடலாம் என்று ஃபெல்டன் தோப்புக்கு வந்தார். அப்போது அது தனியார் சொத்து, காசு வாங்கிக்கொண்டு மரம் காட்டும் இடம். உரிமையாளர் அவரைத் தடுத்து, எடுத்த படங்களைக் கொடுத்துவிட்டுப் போ என்றார். ஹிலுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மரங்கள் பொதுச் சொத்தாக வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பிடிவாதம், அடுத்த ஆண்டு மே மாதம் ஒரு சிறு கூட்டத்தோடு பிக் பேசினுக்குப் போய்க் கூடாரம் அடித்தார். ஓடைக்கரையில் உட்கார்ந்து செம்பர்வைரன்ஸ் கிளப் என்று ஒரு சங்கம் தொடங்கி, காசு சேர்க்கத் தொப்பியைச் சுற்றவிட்டார்கள். 32 டாலர் சேர்ந்தது. 1902இல் மாநிலம் அந்தக் காட்டை வாங்கியது. கலிபோர்னியாவில் இன்றிருக்கும் ஸ்டேட் பார்க்குகளில் மிகப் பழையது அதுதான். ஹிலை விரட்டிய ஃபெல்டன் தோப்பும் பின்னாளில் கவுன்ட்டி கைக்கு வந்து, 1954இல் ஸ்டேட் பார்க் ஆனது. நீங்கள் காலையில் சுற்றியது அதைத்தான்.

சரி, இப்போது வழி. கூகுள் மேப் உங்களை சரடோகாவிலிருந்து 9ஆம் நம்பர் சாலையில் ஏற்றி, 236இன் வடக்குப் பக்கமாக பிக் பேசினுக்குள் இறக்கப் பார்க்கும். பெரியவர்களோடு போகும்போது அதைக் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் சாலை நடுக்கோடுகூட இல்லாமல் ஒடுங்கி, கொல்லிமலை வளைவுபோலச் சுற்றிக்கொண்டே போகும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். என் அம்மாவுக்கு அந்த வழியில் இரண்டு தடவை காரை நிறுத்த வேண்டியிருந்தது. நீங்கள் 85, 17 வழியாக ஸ்காட்ஸ் வேலி வந்து ஃபெல்டன் போங்கள். அங்கிருந்து 9இல் வடக்கே பென் லோமண்ட், போல்டர் கிரீக், பிறகு 236இன் தெற்குப் பக்கமாக ஏறுங்கள். இதிலும் வளைவு உண்டு, ஆனால் தாங்கும். ஃபெல்டனிலிருந்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலச் சனி ஞாயிறுகளில் 17ஆம் சாலை கடற்கரைக்குப் போகிறவர்களால் காலை பத்து மணிக்கே அடைத்துவிடும். வார நாள் ஒன்றில் லீவு போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் எட்டு மணிக்குள் 17ஐத் தாண்டிவிடுங்கள். பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் போல்டர் கிரீக்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கடையும் கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள்.

பிக் பேசினுக்கு வண்டி நிறுத்துமிடம் முன்பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள். தீக்குப் பிறகு இடம் குறைவு, வார இறுதியில் போய் நின்று ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் நேஷனல் பார்க் பாஸ் இருந்தால் அதை இங்கே நீட்டாதீர்கள், செல்லாது. அது மத்திய அரசின் பூங்காக்களுக்கு, இது மாநிலத்துடையது. கலிபோர்னியாவின் பொது நூலகங்கள் புத்தகம்போலவே ஸ்டேட் பார்க் பாஸையும் இரவல் தருகின்றன, உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இனி அந்தத் தீ. 2020 ஆகஸ்ட் 16 விடியற்காலையில் மழையில்லாத இடி மின்னல். அந்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருந்தவர்களுக்குப் புகையும் சாம்பலுமாக இருந்த வானம் மறந்திருக்காது. மின்னல் பற்றவைத்த சிறு தீக்கள் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டு நாள் கழித்துக் காற்று மாறியதும் பிக் பேசினுக்குள் பாய்ந்தன. மொத்தம் 86,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, சுமார் 1,500 கட்டடங்கள் போயின, ஓர் உயிரும் போனது. போல்டர் கிரீக்கைச் சுற்றிப் பல வீடுகள் அந்தக் கணக்கில்தான் வரும், ஆகவே ஊருக்குள் நின்று "எங்கே எரிந்தது?" என்று வேடிக்கை கேட்காமல் இருப்பது நல்லது. பூங்காவில் 97 சதவீதம் தீ பட்டது. 1936இல் கட்டிய மரத்தாலான தலைமையகம், அருங்காட்சியகம், முகாம்கள் எல்லாம் சாம்பல். கிட்டத்தட்ட இரண்டு வருடம் பூட்டிக் கிடந்து, 2022 ஜூலையில்தான் கொஞ்சமாகத் திறந்தார்கள். தலைமையகம் இருந்த இடத்தில் கல்படியும் அடித்தளமும்தான் மிச்சம். கழிப்பறை உண்டு, ஆனால் தற்காலிகமானது. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புதிய கட்டடங்களைப் பழைய மரங்களுக்கு நடுவே மறுபடி கட்டாமல், தள்ளி சேடில் மவுன்டன் பக்கம் கொண்டுபோகத் திட்டம். நல்ல முடிவு என்பேன். மரங்களின் வேர்மேல் நூறு வருடம் கார் நிறுத்தியது போதும்.

கட்டடங்கள் போயின, பெரிய ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை போகவில்லை. இதைத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். ரெட்வுட் பட்டை ஓர் அடி கனம் வரை வரும், நார் நாராக, தேங்காய் மட்டை மாதிரி. பைன் மரத்தில் ஒழுகுமே பிசின், அது இதில் கிடையாது. துவர்ப்புச் சத்துதான் நிறைய. அதனால் தீ வெளிப்பட்டையைக் கருக்கிவிட்டு நின்றுவிடுகிறது. ஆனால் 2020 தீ உச்சி வரை ஏறி இலை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இலையே இல்லாமல் மரம் எதைச் சாப்பிட்டு உயிர் பிழைக்கும்? பட்டைக்குள்ளே நூற்றுக்கணக்கான வருடங்களாக உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொண்டன. அடிமரத்திலிருந்து உச்சி வரை தண்டிலேயே துளிர் விட்டது. வடஅரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் துளிர்களின் கார்பனைச் சோதித்தபோது, அவை வளர்ந்தது அந்த வருடத்து உணவில் அல்ல, பல பத்தாண்டுகளுக்கு முன் மரம் சேர்த்துவைத்த சர்க்கரையில் என்று தெரிந்தது. 2023இல் அந்த ஆய்வு வெளியானது. பாட்டி அடுக்குப்பானையில் போட்டுவைத்த காசைப் பஞ்ச காலத்தில் எடுத்த மாதிரி என்று அப்பாவிடம் சொன்னேன். அதற்கு அப்புறம்தான் அவர் அண்ணாந்து பார்த்தார்.

பார்வைக்கு அது அழகு என்று சொல்ல மாட்டேன். கரிய தூண்கள்மீது பச்சைக் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டதுபோல, பாட்டில் கழுவும் பிரஷ்போல நிற்கும். பெரிய கிளைகள் இல்லை. வானம் திறந்துகிடப்பதால் முன்பு இருந்த குளிர்ந்த இருட்டும் இல்லை, வெயில் அடிக்கும், தொப்பி வேண்டும். நடுநடுவே வெள்ளை எலும்பாக நிற்பவை டக்ளஸ் ஃபிர் மரங்கள். அவற்றுக்குத் துளிர்க்கும் வித்தை தெரியாது, பெரும்பாலும் செத்துப்போயின. செத்த ரெட்வுட்டின் அடியிலோ சுற்றிலும் வட்டமாகக் கன்றுகள் எழுந்து நிற்கும். வாழையடி வாழை என்று நாம் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். தரையில் நீலப்பூ பூக்கும் சியனோத்தஸ் புதர்கள் அடர்ந்திருக்கும். அவற்றின் விதைகள் மண்ணுக்குள் தீக்காகவே காத்திருந்தவை. தீ இந்தக் காட்டுக்குப் புதிதும் அல்ல. 1904இலும் இங்கே பெருந்தீ வந்திருக்கிறது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இந்த மண்ணின் பழங்குடிகளே சிறுசிறு தீ வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். நாம்தான் அணைத்து அணைத்துச் சுள்ளியைச் சேர்த்துவைத்தோம்.

இங்கேயும் பெரியவர்களுக்கு ரெட்வுட் லூப் என்ற சுற்றுப்பாதை போதும். அரை மைலுக்குச் சற்று அதிகம், சமதளம். அதில் காட்டின் தாய், காட்டின் தந்தை என்று பெயர் வைத்த இரண்டு பழைய மரங்கள் இன்னும் உயிரோடு நிற்கின்றன. அந்தப் பெயர்களைச் சொன்னால் என் அம்மா போல உங்கள் அம்மாவும் கும்பிட்டாலும் கும்பிடுவார். நீங்கள் மட்டும் இன்னொரு நாள் வந்து தீயணைப்புச் சாலைகளில் மேலே ஏறலாம், வானம் தெளிந்திருந்தால் கடல் தெரியும். பழைய பதிவுகள் எல்லாம் பெர்ரி கிரீக் அருவியைத்தான் தூக்கிப் பிடிக்கும், பத்து மைலுக்குக் குறையாத நடை அது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறுவதால், புறப்படும் அன்று பூங்காவின் இணையதளத்தைப் பார்க்காமல் எந்த நீண்ட நடையையும் திட்டமிட வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிவால் சாலையே மூடப்படுவதும் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. கட்டுச்சோறு கட்டாயம் எடுத்துப் போவீர்கள். ஆனால் ஒரு பருக்கைகூடக் கீழே விழக்கூடாது. என் அம்மா காக்காய்க்கு வைக்காமல் சாப்பிட மாட்டார். கொண்டை வைத்த நீலப்பறவை ஒன்று பக்கத்தில் வந்து கத்தியதும், தயிர்சாதத்தில் ஒரு கவளம் உருட்டி மரமேஜை ஓரத்தில் வைத்துவிட்டார். அந்தப் பறவை ஸ்டெல்லர் ஜே, காக்கைக் குடும்பம்தான், அம்மா ஆளைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்! உடனே ஒரு ரேஞ்சர் வந்தார். திட்டவில்லை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். மார்பிள்ட் மர்லெட் என்று ஒரு கடற்பறவை. கடலில் மீன் பிடித்துக்கொண்டு, முட்டையிட மட்டும் மைல்கணக்கில் பறந்து இந்தப் பழைய மரங்களுக்கு வரும். கூடு கட்டாது, பாசி படர்ந்த தடித்த கிளையில் ஒரே ஒரு முட்டை வைக்கும். அது எங்கே முட்டையிடுகிறது என்று பறவையியலாளர்கள் வெகுகாலம் தேடினார்கள். 1974இல் இதே பிக் பேசினில், கிளை கழிக்க ஏறிய ஒருவர் சுமார் 150 அடி உயரத்தில் தற்செயலாக ஒரு குஞ்சைக் கண்டார். இப்போது அந்தப் பறவை அழிவின் விளிம்பில் இருக்கிறது. நாம் சிந்தும் முறுக்குத் தூளுக்காக ஜே பறவைகள் பெருகினால், அவை அந்த ஒற்றை முட்டையையும் தேடித் தின்றுவிடும். அம்மா அதைக் கேட்டுவிட்டு வைத்த கவளத்தை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்துக் காக்காய்க்கு வைத்தார்.

பாதையை விட்டு இறங்காதீர்கள், பாய்சன் ஓக் இருக்கிறது. இதுவும் மூன்று மூன்று இலைதான், ஆனால் புளியாரைபோலத் தரையோடு கிடக்காமல் புதராகவோ கொடியாகவோ நிற்கும். இளவேனிலில் பளபளப்பு, கோடை முடிவில் சிவப்பு, குளிர்காலத்தில் இலையே இல்லாத குச்சி, அந்தக் குச்சி பட்டாலும் அரிக்கும். சேங்கொட்டை பட்டால் உடம்பு தடிக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மா, முந்திரி, சேங்கொட்டை, பாய்சன் ஓக் எல்லாம் ஒரே குடும்பம். பட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள். எனக்குத் தெரியாமல் ஒரு தடவை கணுக்காலில் பட்டு இரண்டு வாரம் தூக்கம் போனது. வீட்டுக்கு வந்ததும் காலிலும் கழுத்திலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாய் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பிக் பேசின் பாதைகளில் அனுமதி இல்லை.

காலையில் ஹென்றி கோவெலுக்கு ஸ்வெட்டர் வேண்டும், ஜூலையானாலும். கடல்மூட்டம் அதுவரை ஏறி வந்து, மரங்களிலிருந்து சொட்டுச்சொட்டாக மழைபோல விழும். மழையில்லாத கோடையில் ரெட்வுட்டுக்குத் தண்ணீர் தருவது அந்த மூட்டம்தான். அதே ஸ்வெட்டரை மதியம் பிக் பேசினில் கழற்றிவிடுவீர்கள். தோப்பை ஒட்டியே ரோரிங் கேம்ப் நீராவி ரயிலும் உண்டு. நடக்க முடியாத நாளாக இருந்தால் அப்பாவை அதில் உட்காரவைத்துவிடலாம், மரங்களுக்கு நடுவிலேயே மலை ஏறும். ஆனால் ரயிலும் பிக் பேசினும் ஒரே நாளில் ஒத்துவராது, ஏதாவது ஒன்றுதான். பிக் பேசினிலிருந்து மூன்றரை மணிக்காவது கிளம்பிவிடுங்கள். மலைச்சாலையை வெளிச்சத்திலேயே கடந்துவிட்டால், போல்டர் கிரீக்கில் நிறுத்தி ஃபிளாஸ்க்கில் மிச்சமிருக்கும் காபியை நிதானமாகக் குடிக்கலாம்.